நூறு மதிப்பெண்ணில் பெற்றோர் கணக்கு இருபது

சர்க்கரை நோய் யாருக்கு வரக்கூடும் என்று கணிக்க 2005-இல் சென்னையில் ஒரு மதிப்பெண் தாள் உருவானது. நகரில் 26,001 பேரிடம் நடந்த கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து டாக்டர் வி. மோகனின் குழு அதைத் தயாரித்தது. இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று பெயர். மொத்தம் 100. கேள்விகள் நான்கே: வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். தையல்காரரிடம் இருக்கும் இஞ்ச் டேப் போதும்.

தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ஐத் தொட்டுவிட்டால் 30. ஆண்களின் இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0, 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. பெண்களுக்கு ஒவ்வொரு படியிலும் 10 சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். உடல் நோகும் வேலையும் தவறாத உடற்பயிற்சியும் இரண்டுமே இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே பிழைப்பு நடந்தால் 30. கடைசிக் கேள்வி பெற்றோர். இருவருக்கும் நோய் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60 ஆகிவிட்டால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. பேன்ட் சைஸைச் சொல்லிவிடக் கூடாது. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேன்ட் 34 இஞ்ச் என்று இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினால் 38 காட்டும். மதிப்பெண்ணில் அது 0-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம்.

இந்தத் தாளில் பெற்றோரிடமிருந்து வருவது அதிகபட்சம் 20. வயதுக்கு 30. இந்த 50-ஐ யாராலும் மாற்ற முடியாது. மீதி 50 இடுப்புக்கும் உழைப்புக்கும் உரியது. மதிப்பெண் என்பது கணிப்பதற்கான கருவி. நோயின் காரணத்தை இத்தனை பங்கு, அத்தனை பங்கு என்று அறுத்துக் கொடுக்கும் தராசு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பின் பருமனிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் மருத்துவமனை வரிசைகளில் "எங்க அப்பாவுக்கும் சுகர், அதான் எனக்கும் வந்துடுச்சு" என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும் நமக்கு இந்தத் தாள் ஒரு கேள்வி வைக்கிறது. அப்பாவிடமிருந்து வந்தது எவ்வளவு, நாம் வாழும் தெருவிலிருந்து வந்தது எவ்வளவு?

இதற்கு நேரான விடை போலத் தோன்றும் ஒரு எண் இருக்கிறது: 72 சதவீதம். ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட பல நாடுகளின் இரட்டையர் பதிவேடுகளிலிருந்து 34,166 இரட்டையர் இணைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவின் மரபுவழிப் பங்கு 72 சதவீதம் என்று கணக்கிட்டது. இதைக் கேட்டதும் "முக்கால்வாசி பரம்பரைதான்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது அதுவல்ல. ஒரு சமூகத்தில், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவை மரபணு வித்தியாசத்தோடு பொருத்தலாம் என்பதையே அது சொல்கிறது. ஒரே விடுதியில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வேலை, ஒரே தூக்க நேரம் என்று வைத்துவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் மரபணுவின் கணக்கில்தான் ஏறும். விடுதிச் சமையலே கெட்டுப்போய் எல்லோருக்கும் உடல் கெட்டால், அந்தப் பொதுக் கேடு இந்த எண்ணில் தெரியவே தெரியாது.

சென்னையின் பொதுக் கேடு வேறு எண்களில் தெரிகிறது. நகரில் வயது வந்தோரிடையே நீரிழிவு 1989-இல் 8.3 சதவீதம், 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3. பதினைந்து ஆண்டில் 72 சதவீத ஏற்றம். ஒரு தலைமுறை என்பதற்குக் குறைந்தது இருபத்தைந்து ஆண்டு வேண்டும். அதற்குள் ஒரு நகரத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது சாப்பாடு, வேலை, வண்டி, தூக்கம், தெரு.

இதைவிடத் தெளிவாக இந்தக் கணக்கைக் காட்டுவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹீலா நதிக்கரையில் வாழும் பீமா பழங்குடி மக்களின் கதை. தங்களை அவர்கள் 'அகிமெல் ஓதம்', அதாவது ஆற்று மக்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாலைவனத்தில் வெள்ளாமை செய்த கைகாரர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் மேல்பகுதியில் ஆற்றைத் திருப்பினார்கள். வாய்க்கால் வறண்டது, வயல் போயிற்று, பஞ்சம் வந்தது. பிறகு அரசாங்கம் கொடுத்த வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் அன்றாட உணவாயின. 1937-இல் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜோஸ்லின் அங்கே போனபோது அவர் கணக்கில் வந்த பீமா நோயாளிகள் 21 பேர். 1965-இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் அங்கே தன் நீண்ட ஆய்வைத் தொடங்கியது. 35 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு நீரிழிவு இருப்பது அந்த ஆய்வில் தெரிந்தது. உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒரு விகிதம் அதுவரை பதிவாகவில்லை.

உடனே பீமா மக்களின் ரத்தத்தில் குற்றம் தேடினார்கள். பஞ்சத்தில் பிழைக்க உதவிய 'சிக்கன மரபணு' ஒன்று மிகுதியான உணவு கிடைக்கும் காலத்தில் எமனாகிறது என்ற கருத்து பல காலம் ஆட்சி செய்தது. ஆண்டுக்கணக்கில் அந்த மக்கள் ரத்தம் கொடுத்தார்கள், எடை பார்க்க நின்றார்கள், சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதே பீமா வம்சத்தின் இன்னொரு கிளை எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், மய்க்கோபா என்ற மலைக் கிராமத்தில் இருக்கிறது. 1995-இல் அங்கே எடுத்த கணக்கு 2006-இல் வெளியானது. வயதையும் பாலினத்தையும் சமன்செய்து பார்த்தால் அமெரிக்க பீமாக்களிடம் நீரிழிவு 38 சதவீதம், மெக்சிகோ பீமாக்களிடம் 6.9 சதவீதம். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். உடல் பருமன் அமெரிக்கக் கிளையின் ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 64 பேருக்கு, மெக்சிகோ கிளையில் 7 பேருக்கு. பெண்களில் 75-க்கு 20. மய்க்கோபாவில் வயலில் வேலை, மலைப்பாதையில் நடை, சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சாப்பாடு.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. அதே மய்க்கோபா பகுதியில், அதே வாழ்க்கை வாழ்ந்த, பீமா வம்சத்தைச் சேராத மெக்சிகர்களிடம் நீரிழிவு 2.6 சதவீதம். 2.6-க்கும் 6.9-க்கும் நடுவில் மரபணுவின் கை இருக்கலாம். ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் ஆய்வாளர்கள் இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே கருதினார்கள். 6.9-க்கும் 38-க்கும் நடுவில் இருப்பது ஆறு, வயல், ரேஷன் மாவு. ஆற்றுநீர் உரிமையை அந்த மக்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் 2004-இல்தான் நிறைவேறியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தண்ணீரை எடுத்துக்கொண்டவர்கள், நோய்க்கான காரணத்தை மட்டும் பறிகொடுத்தவர்களின் ரத்தத்தில் தேடினார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்காக மரபணுவைக் கணக்கிலிருந்து அடித்துவிட முடியாது. 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு பிரதி இருந்தால் நீரிழிவு வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, இரு பிரதி இருந்தால் சுமார் 2.4 மடங்கு. பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் இதுவே பெரிய புள்ளி. மற்றவையெல்லாம் சில்லறை. 2024-இல் வெளியான உலகளாவிய ஆய்வு 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அதில் 4,28,452 பேர் நோயாளிகள். மரபணுத் தொகுதியின் 611 இடங்களில் 1,289 தனித்தனிக் குறிகள் கிடைத்தன. ஆக, 'சர்க்கரை மரபணு' என்று ஒன்று கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சாய்வுகள் இருக்கின்றன. அவற்றை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சுமக்கிறோம். இவற்றைக் கூட்டி மதிப்பெண் போடும் முறைகளிலும் நமக்கு நட்டம் உண்டு. 2019-இல் ஒரு கணக்கின்படி இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அதனால் தெற்காசியர்களிடம் அந்த மதிப்பெண்களின் துல்லியம் 37 சதவீதம் குறைவாக இருந்தது.

மரபணு எப்போது பேசும், எப்போது வாய் மூடியிருக்கும் என்பதற்கு எஃப்டிஓ மரபணு நல்ல சாட்சி. 2007-இல் தெரியவந்த இதன் மாறுபாடு இரு பிரதியாக உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. இது வேலை செய்யும் வழிகளில் ஒன்று பசியும் தேர்வும். இந்த மாறுபாடு உள்ள ஸ்காட்லாந்துப் பள்ளிக் குழந்தைகள் கலோரி மிகுந்த உணவை அதிகம் எடுத்துச் சாப்பிட்டதை 2008-இல் ஒரு ஆய்வு காட்டியது. உடலில் பிறந்த சாய்வு நடத்தையாக வெளியே வருகிறது. ஆனால் எடுத்துச் சாப்பிட மேசையில் ஏதாவது இருக்க வேண்டுமே? அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வின் பதிவுகளை 2015-இல் பிரித்துப் பார்த்தபோது, எஃப்டிஓ மாறுபாட்டுக்கும் உடல் பருமனுக்கும் உள்ள தொடர்பு 1942-க்குப் பின் பிறந்தவர்களிடம்தான் தெரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் அதே மரபணு இருந்தது, பருமனோடு தொடர்பு தெரியவில்லை. இன்னொரு பக்கம், 2,18,166 பேரின் தகவலைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மாறுபாட்டால் பருமன் வரும் வாய்ப்பு 27 சதவீதம் அடங்கியிருந்தது.

நடத்தை என்று வரும்போது பழைய கணக்கில் தள்ளுபடி செய்ய வேண்டிய தொகையும் உண்டு. 2003-இல் 847 பேரை வைத்து, செரட்டோனின் தொடர்பான ஒரே ஒரு மரபணுவின் குட்டை வடிவம் வாழ்க்கை அடிகளோடு சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்று ஒரு நியூசிலாந்து ஆய்வு சொன்னது. உலகமெங்கும் பாடப்புத்தகம் வரை போனது. 2019-இல் 4,43,264 பேர் வரையிலான தகவலோடு இப்படிப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. வாழ்க்கை அடிகள் மனச்சோர்வைத் தருவது உண்மை. மரபுக்கும் பங்கு உண்டு. ஒற்றை மரபணுக் கதைதான் பொய்த்தது. இன்றைக்கும் பத்திரிகைகளில் 'கோப மரபணு', 'குடி மரபணு' என்று தலைப்பு வரும்போது இந்த 18-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தெருவுக்கு முன்பே ஒரு சூழல் இருக்கிறது: கருப்பை. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தோடு ஒரு சின்னக் கட்டுரை போட்டார்கள். ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சித்தரஞ்சன் யாஞ்ஞிக். உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் சமம், உள்ளே இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த வித்தியாசம் பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதை யாஞ்ஞிக் குழு புனே அருகே ஆறு கிராமங்களில் அளந்து காட்டியது. அங்கே பிறந்த 631 குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகள் 338 பேருக்கு 3.5 கிலோ. 800 கிராம் குறைவு. கையின் சதையும் வயிற்றுச் சுற்றளவும் வெகுவாகக் குறைந்திருந்தன; தோள்பட்டைக்குக் கீழே உள்ள கொழுப்பு மடிப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. ஒல்லியான, ஆனால் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்ட குழந்தை. அந்தத் தாய்மார்களின் சராசரி எடை கருவுறுவதற்கு முன் 42 கிலோவை ஒட்டியே இருந்தது. வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் கிடைத்ததைச் சாப்பிட்டவர்கள். இந்த எண்களைக் காட்டித் தாயைக் குறை சொல்கிறவர்கள், அவள் தட்டில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று முதலில் எண்ண வேண்டும்.

குழந்தைப் பருவத்து உணவு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு பிரிட்டனில் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால சர்க்கரை ரேஷன் அங்கே 1953 செப்டம்பரில் நீங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் அளவில் இருந்த சர்க்கரை கிடுகிடுவென ஏறி 80 கிராம் ஆனது. ரேஷன் காலத்தில் கருவாகி அந்தக் கட்டுப்பாட்டிலேயே தவழ்ந்தவர்களையும், ரேஷன் போன பிறகு கருவானவர்களையும் அறுபது ஆண்டு கழித்து ஒப்பிட்டு 2024-இல் கணக்கு வெளியிட்டார்கள். முதல் கூட்டத்தாரிடம் நீரிழிவு சுமார் 35 சதவீதம் குறைவு; வந்தவர்களுக்கும் நான்கு ஆண்டு தாமதமாக வந்தது. இரு கூட்டத்துக்கும் வயதில் சில ஆண்டுகளே வித்தியாசம். மரபணு ஒரே கலவை.

மறுபடியும் சென்னைக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் ஏஷியாட் காலனி. மற்றது தியாகராய நகரில் குறைந்த வருமானக்காரர்களின் பாரதி நகர். நீரிழிவு ஏஷியாட் காலனியில் 12.4 சதவீதம், பாரதி நகரில் 6.5 சதவீதம். அப்போதைய பேச்சில் சர்க்கரை ஒரு பணக்கார வியாதி. எண்ணும் அதற்கு ஏற்பவே இருந்தது.

ஆய்வு முடிவுகளை ஆய்வாளர்கள் காலனிக்காரர்களிடமே கொண்டுபோய்ச் சொன்னார்கள். கூட்டம் போட்டார்கள், விளக்கினார்கள். காலனிக்காரர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, நடக்க ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். அதற்கு முன் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். அதற்குப் பின் பாதிக்கும் மேல். இது எனக்கு மிகவும் பிடித்த எண். அந்த மனிதர்களின் மன உறுதி திடீரென்று நான்கு மடங்கு ஆகிவிடவில்லை. நடக்க இடம் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் நடப்பது கண்ணில் பட்டது, இருட்டிய பிறகும் பெண்கள் சேர்ந்து நடக்க முடிந்தது என்றால் நடத்தை மாறும்.

பத்து ஆண்டு கழித்து இரண்டு இடத்திலும் மறுபடி கணக்கெடுத்தார்கள். ஏஷியாட் காலனி 12.4-லிருந்து 15.4 ஆகியிருந்தது. ஏற்றம் 24 சதவீதம். பாரதி நகர் 6.5-லிருந்து 15.3. ஏற்றம் 135 சதவீதம். இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பூங்கா ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. படிப்பு, வருமானம், மருத்துவரை அணுகும் வசதி என்று பலவும் கலந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பாரதி நகர்க்காரர்களுக்கு 1990-களில் நோய் குறைவாக இருந்தது ஏதோ நல்ல மரபணு காரணமாக அல்ல. இருந்திருந்தால் பத்து ஆண்டில் அது எங்கே போயிருக்கும்? இன்றைக்கு இது பணக்கார வியாதி என்று சொல்கிறவர் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

இடம் மாறினால் உடல் மாறுமா என்று அமெரிக்காவில் குலுக்கல் முறையில் சோதித்தே பார்த்தார்கள். 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் குழந்தைகளோடு வாழ்ந்த 4,498 பெண்கள். குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, சீட்டு கிடைத்த கூட்டத்தில் கடுமையான உடல் பருமன் 4.61 சதவீதப் புள்ளியும், நீரிழிவு அளவைத் தொட்ட ரத்தப் பரிசோதனை முடிவு 4.31 சதவீதப் புள்ளியும் குறைவாக இருந்தன. யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை, டயட் சொல்லவில்லை. வீடு மாறியது, அவ்வளவுதான். சுவீடனில் அரசாங்கமே இடம் ஒதுக்கிக் குடியமர்த்திய 61,386 அகதிகளைப் பின்தொடர்ந்த கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது: வசதியான பகுதியில் விழுந்தவர்களில் 5.8 சதவீதத்தினருக்கும், பின்தங்கிய பகுதியில் விழுந்தவர்களில் 7.9 சதவீதத்தினருக்கும் பிற்பாடு நீரிழிவு வந்தது.

நம் தட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதியாக வேண்டும். 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெள்ளை அரிசிச் சோற்றைக் கணக்கிட்டது. தெற்காசியர் நாளொன்றுக்குச் சாப்பிடும் சோறு நடுமட்டமாக 630 கிராம். நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சாப்பிடுபவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டால், நீரிழிவு அபாயம் உலக அளவில் 1.2 மடங்கு, தெற்காசியாவில் 1.61 மடங்கு. ரேஷன் கடையில் மலிவாகக் கிடைப்பது அரிசி. பயறும் காயும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. சோற்றைக் குறை என்று சொல்லும் முன் அந்த விலைப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டில் 55 சதவீதத்தினர் நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்ற உதவி பெற்ற குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டும் பெற்ற குழுவில் 39.5. மாத்திரையைச் சேர்த்துக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த உதவி என்பது ஆறு மாதத்துக்கு ஒரு நேர்ச் சந்திப்பும் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பும்தான்.

செலவு இப்படி வந்தது. ஒருவருக்கு மூன்று ஆண்டுக்கு அறிவுரைக் குழுவில் 61 டாலர், வாழ்க்கை முறைக் குழுவில் 225 டாலர். வித்தியாசம் 164. ஒருவரைக் காப்பாற்ற 6.4 பேருக்கு இந்த உதவி கொடுக்க வேண்டும். 164-ஐ 6.4-ஆல் பெருக்கினால் 1,050. ஆய்வறிக்கையில் இருப்பது 1,052 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 47,000 ரூபாய். மறுபக்கம், அதே காலத்தில் ஏழு மாநிலங்களில் 556 நோயாளிகளிடம் எடுத்த கணக்கில், நகர நோயாளி தன் கையிலிருந்து ஆண்டுக்குச் செலவழித்தது நடுமட்டமாக 10,000 ரூபாய். தடுக்கச் செலவிட்டது ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். நோயோ வந்தால் ஆயுள் முழுக்க இருக்கும். அதே ஆய்வில் இன்னொரு எண் நெஞ்சில் தைக்கிறது: நகர ஏழைகள் வருமானத்தில் 34 சதவீதத்தைச் சர்க்கரைக்கே கொடுத்தார்கள். ஆண்டில் நான்கு மாதச் சம்பளம்.

2013-இல் இன்னும் மலிவான வழி ஒன்று தெரிந்தது. வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதமும் பெற்றவர்களில் 18 சதவீதமும் நோயாளி ஆனார்கள்.

இங்கே மரபணுவும் தெருவும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் ஓர் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்ட தடுப்பு ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் நீரிழிவை 58 சதவீதம் குறைத்தது. அதில் டிசிஎஃப்7எல்2-இன் இரு பிரதியும் சுமந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் அவர்களுடைய அபாயம் மற்றவர்களைவிட 1.81 மடங்கு. வாழ்க்கை முறைக் குழுவில் 1.15 மடங்கு. இந்த இறக்கம் தற்செயலானதல்ல என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் பலம் அந்த ஆய்வுக்கு இல்லை. ஆனால் கெட்ட மரபணு உள்ளவர் நடந்து பயனில்லை என்ற பேச்சுக்கு அதில் துளியும் ஆதாரமில்லை. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருப்பவர்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவர்.

2023-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு 1,13,043 பேரைப் பார்த்தது. நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி. வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. கோவாவில் 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8, தமிழ்நாட்டில் 14.4. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த தனிக் கணக்கில், நோயுள்ளவர்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல வேலை, இன்னும் பெருக வேண்டிய வேலை. அது நோய் வந்த பிறகான கணக்கு. வாசலில் நிற்கும் 13.6 கோடிப் பேரின் கணக்கு உள்ளாட்சி மன்றத்திலும் பள்ளியிலும் ரேஷன் கடையிலும்தான் எழுதப்படும்.

உங்கள் வார்டு கவுன்சிலர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது மூன்று எண்களைக் கேளுங்கள். தடையில்லாமல் நடக்கக்கூடிய நடைபாதை எத்தனை மீட்டர்? பூங்கா இரவு எத்தனை மணி வரை விளக்கோடு திறந்திருக்கும்? பள்ளியில் வாரத்துக்கு எத்தனை விளையாட்டு வகுப்பு உண்மையிலேயே நடக்கிறது? பதில் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.